சட்ட ஆய்விதழுக்கு முதல் கட்டுரை: எழுதத் தொடங்குவதிலிருந்து அச்சாகும் வரை

சட்ட ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் சில ஆண்டுகள் அடிக்குறிப்புகளைச் சரிபார்க்கும் வேலை எனக்கு இருந்தது. "நீதிமன்றம் இவ்வாறு கூறியது" என்று கட்டுரையாளர் எழுதியிருந்தால், அந்தத் தீர்ப்பை எடுத்து, அவர் காட்டிய பத்தியைத் திறந்து, நீதிமன்றம் அப்படித்தான் கூறியதா என்று பார்க்க வேண்டும். ஒரு கட்டுரைக்கு நூறு அடிக்குறிப்புகள், சிலவற்றில் இருநூறு. எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

மற்ற துறைகளின் ஆய்விதழ்களில் இந்த அளவுக்கு வரிக்கு வரி பார்ப்பது அரிது. சட்டத்தில் பார்க்கிறார்கள். காரணம், ஒரு தீர்ப்பு சொல்லாததைச் சொன்னதாக எழுதினால், அதை நம்பி வழக்கறிஞர் ஒருவர் வாதாடக்கூடும், நீதிபதி ஒருவர் மேற்கோள் காட்டக்கூடும். ஆகவே உங்கள் கட்டுரையை மிகக் கவனமாகப் படிக்கப் போகிறவர் சரிபார்ப்பவர்தான். அவரை மனத்தில் வைத்து எழுதினால் பாதிச் சிக்கல் வராது. கீழே உள்ள எல்லாப் படிகளும் அவரை நினைத்து எழுதியவை.

1. எந்த வகை எழுத்து என்று முடிவு செய்யுங்கள்

ஆய்விதழ்கள் ஒரே வகை எழுத்தை மட்டும் வெளியிடுவதில்லை. முழுநீளக் கட்டுரை, தீர்ப்புக் குறிப்பு, புதிய சட்டம் அல்லது திருத்தம் பற்றிய குறிப்பு, நூல் மதிப்புரை என்று பல உண்டு. முழுநீளக் கட்டுரை பல இதழ்களில் 8,000 முதல் 12,000 சொற்கள் வரை இருக்கும். அமெரிக்காவின் சட்ட இதழ்களில் 20,000 சொற்களைத் தாண்டுவதும் சாதாரணம். தீர்ப்புக் குறிப்பு பெரும்பாலும் 2,000 முதல் 5,000 சொற்களுக்குள் முடிந்துவிடும்.

முதல் முறை எழுதுகிறவருக்கு நான் சொல்வது தீர்ப்புக் குறிப்பைத்தான். ஒரே ஒரு தீர்ப்பு. அதில் ஒரே ஒரு பிரச்சினை. அதைப் பற்றி உங்களுக்கு ஒரு கருத்து. எல்லை தெளிவாக இருப்பதால் தடுமாற்றம் குறைவு. ஆனால் வழக்கின் சங்கதிகளையே நான்கு பக்கம் எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில் "இத்தீர்ப்பு வரவேற்கத்தக்கது" என்று முடிக்கும் குறிப்புகளை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். சங்கதிகளுக்கு ஒரு பக்கம் போதும். பாதிக்கு மேற்பட்ட இடம் உங்கள் பரிசீலனைக்கு வேண்டும். தீர்ப்பு வந்த சில மாதங்களுக்குள் அனுப்புவதும் முக்கியம். ஓராண்டு கழித்து வரும் குறிப்புக்கு அந்தத் தீர்ப்பைப் பின்தொடர்ந்த வழக்குகளையும் பேசும் கடமை வந்துவிடும்.

2. தலைப்பை வாதமாக்குங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலான கட்டுரைகள் தோற்கின்றன. அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

"தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒப்புதல்" என்பது தலைப்பு. அதை வைத்து எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம், ஆசிரியர் குழு "சரி, இதில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் பதில் இருக்காது. இதையே இப்படி மாற்றிப் பாருங்கள்: "வேலை கொடுப்பவருக்கும் ஊழியருக்கும் இடையே ஒப்புதலைத் தரவுக் கையாளுதலுக்கு அடிப்படையாக ஏற்கக் கூடாது, ஏனென்றால் மறுத்தால் வேலை போகும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் மறுக்கும் உரிமை ஏட்டில் மட்டுமே இருக்கிறது." இது வாதம். இதை ஏற்கலாம், மறுக்கலாம். மறுக்க முடிகிற வாக்கியம்தான் ஆய்விதழுக்கு வேண்டும். யாரும் மறுக்கவே முடியாத ஒன்றைச் சொல்கிறீர்கள் என்றால், அதைச் சொல்ல 10,000 சொற்கள் தேவையில்லை.

1890-ல் ஹார்வர்டு லா ரிவ்யூவில் சாமுவேல் வாரனும் லூயிஸ் பிராண்டைஸும் தனியுரிமை பற்றி எழுதிய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மையவாதம் ஒரு வாக்கியத்தில் அடங்கும்: பதிப்புரிமை, அவதூறு, நம்பிக்கை மீறல் என்று சிதறிக் கிடக்கும் பழைய தீர்ப்புகளுக்கு அடியில், தனித்து விடப்படுவதற்கான உரிமை என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. புதிய சட்டம் வேண்டும் என்று கேட்பதைவிட, இருக்கும் தீர்ப்புகளை வேறு கோணத்தில் படிக்கச் சொன்னதே அதன் பலம். 127 ஆண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோதும் அந்தக் கட்டுரை பேசப்பட்டது. எல்லாருடைய கட்டுரையும் அவ்வளவு காலம் நிற்க வேண்டும் என்பதில்லை. ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிற வாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய சட்ட நிலை என்ன. அதில் எங்கே சிக்கல். நான் சொல்லும் தீர்வு அல்லது விளக்கம் என்ன. மூன்றாவது வரி வரவில்லையென்றால் இன்னும் படிக்க வேண்டும் என்று பொருள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த நிலையில் எழுத உட்காராமல் இருந்தால் சரி.

3. வேறு யாராவது சொல்லிவிட்டார்களா என்று பாருங்கள்

மேலே சொன்ன ஊழியர் ஒப்புதல் வாதத்தையே எடுத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறையான ஜிடிபிஆரின் 43-ஆம் முன்னுரைப் பத்தி, இரு தரப்புக்கும் இடையே தெளிவான ஏற்றத்தாழ்வு இருந்தால் ஒப்புதல் செல்லுபடியாகும் அடிப்படையாக இருக்கக் கூடாது என்று ஏற்கெனவே சொல்கிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் வேலையிடத்தைக் குறிப்பிட்டே பேசுகிறது. இது தெரியாமல் கட்டுரையை அனுப்பினால் முதல் மதிப்பாய்வாளரே திருப்பி அனுப்பிவிடுவார்.

தெரிந்தால் கட்டுரை செத்துவிடுமா? இல்லை, அங்கேதான் கட்டுரை பிறக்கிறது. "முன்னுரைப் பத்தி சொல்வதை விதியின் உடற்பகுதி சொல்லவில்லை, அந்த இடைவெளியை எப்படி நிரப்புவது?" என்றோ, "இந்தப் பாதுகாப்பு இல்லாத நாட்டுச் சட்டத்தில் இதே முடிவுக்கு எந்த வழியில் வரலாம்?" என்றோ வாதம் கூர்மையாகும். முன்னால் எழுதியவர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். அவர்கள் எங்கே நிறுத்தினார்களோ அங்கே நீங்கள் தொடங்குகிறீர்கள்.

தேடும் இடங்கள்: பல்கலைக்கழக நூலகம் வழியாக ஹைன்ஆன்லைன், வெஸ்ட்லா, லெக்ஸிஸ்நெக்ஸிஸ். சந்தா இல்லாதவர்களுக்கு ஆய்வுத்தாள்களைப் பகிரும் தளமான எஸ்எஸ்ஆர்என், கூகுள் ஸ்காலர், யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களுக்கு டிஓஏஜே பட்டியல். தீர்ப்புகளுக்கு பெய்லி, ஆஸ்ட்லி, இந்தியன் கானூன் போன்ற இலவசத் தளங்கள் இருக்கின்றன. தேடிய சொற்களையும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அனுப்புவதற்கு முந்தைய நாள் அதே தேடலை மீண்டும் செய்யுங்கள். இடைப்பட்ட மாதங்களில் ஏதாவது வந்திருக்கும்.

4. தீர்ப்பை முழுதாகப் படியுங்கள்

சொல்லவே வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் சரிபார்க்கும்போது நான் அதிகம் பிடித்த தவறு இதுதான்: கட்டுரையாளர் தீர்ப்பைப் படிக்காமல் அதன் முகப்பில் வரும் சுருக்கமான தலைக்குறிப்பைப் படித்திருப்பார். தலைக்குறிப்பு எழுதுவது தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் தொகுப்பாளர், நீதிபதி இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளின் முகப்பில் வரும் சுருக்கம் தீர்ப்பின் பகுதியாகாது என்று, 1906-ஆம் ஆண்டின் டெட்ராய்ட் டிம்பர் வழக்கைக் காட்டி ஒவ்வொரு முறையும் அச்சிடுகிறது. அந்த எச்சரிக்கை எல்லா நாட்டுக்கும் பொருந்தும்.

படிக்கும்போது நான்கு விஷயங்களைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். தீர்ப்புக்கு அடிப்படையாக நின்ற காரணம் எது, போகிற போக்கில் நீதிபதி சொன்ன கருத்து எது? நீங்கள் எடுக்கும் வரி பெரும்பான்மைத் தீர்ப்பில் இருக்கிறதா, மாறுபட்ட தீர்ப்பில் இருக்கிறதா? அது நீதிமன்றத்தின் முடிவா, அல்லது வழக்கறிஞரின் வாதத்தை நீதிபதி எடுத்துச் சொல்லும் இடமா? கடைசியாக, அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறதா?

மூன்றாவது கேள்வியில்தான் நல்ல மாணவர்களும் வழுக்குகிறார்கள். நீண்ட தீர்ப்புகளில் ஒரு தரப்பின் வாதம் பத்துப் பத்திகள் வரை ஓடும். நடுவில் ஒரு வரியை மட்டும் தேடி எடுத்தால் அது நீதிமன்றமே சொன்னது போல இருக்கும். நானே ஒருமுறை அப்படி எழுதி, ஒரு மதிப்பாய்வாளர் பத்தி எண்ணைக் குறிப்பிட்டு "இது மேல்முறையீட்டாளரின் வாதம்" என்று எழுதியனுப்பினார். அந்தக் கட்டுரை திரும்பி வந்தது. அன்றிலிருந்து மேற்கோள் எடுக்கும் வரிக்கு முன்னால் மூன்று பத்தி, பின்னால் மூன்று பத்தி படிக்காமல் விடுவதில்லை.

சட்டப் பிரிவுகளுக்கும் இதே கவனம் தேவை. நீங்கள் படிக்கும் பிரதி எந்தத் தேதி வரையிலான திருத்தங்களை உள்ளடக்கியது என்று பாருங்கள். வழக்கு நடந்தபோது இருந்த வாசகமும் இன்றைய வாசகமும் வேறாக இருந்தால் இரண்டையும் கட்டுரையில் சொல்லுங்கள்.

5. இதழைத் தேர்ந்தெடுங்கள், கட்டுரை முடியும் முன்பே

சட்ட இதழ்களின் உலகம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. இது தெரியாமல் அனுப்பினால் தேவையில்லாத சங்கடம் வரும்.

ஒரு பக்கம், சட்டக் கல்லூரி மாணவர்களே ஆசிரியர்களாக இருந்து நடத்தும் இதழ்கள். அமெரிக்காவில் இதுதான் பெருவழக்கு. 1887-ல் தொடங்கிய ஹார்வர்டு லா ரிவ்யூவும் அப்படித்தான் நடக்கிறது. அங்கே ஒரே கட்டுரையைப் பல இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவது ஏற்கப்பட்ட நடைமுறை. ஸ்காலஸ்டிகா போன்ற தளம் வழியாகப் பலரும் அனுப்புகிறார்கள். ஓர் இதழ் ஏற்றுக்கொண்டால், அதைச் சொல்லி மற்ற இதழ்களிடம் "சீக்கிரம் பரிசீலியுங்கள்" என்று கேட்கலாம். ஆசிரியர் குழு ஆண்டுதோறும் மாறுவதால் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும் ஆகஸ்டு வாக்கிலும்தான் கட்டுரைகள் குவியும்.

மறுபக்கம், துறை அறிஞர்கள் மதிப்பாய்வு செய்யும் இதழ்கள். லண்டனில் 1885-ல் தொடங்கிய லா குவார்ட்டர்லி ரிவ்யூ, 1921-ன் கேம்பிரிட்ஜ் லா ஜர்னல், 1937-ன் மாடர்ன் லா ரிவ்யூ முதலியவை கல்வியாளர்களே ஆசிரியர்களாக இருந்து நடத்துபவை. இவ்வகை இதழ்கள் பொதுவாக ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. இரண்டு இடத்துக்கு அனுப்பியது தெரிந்தால் இரண்டு கதவும் மூடும். மதிப்பாய்வாளர்கள் சம்பளம் வாங்காமல் தங்கள் நேரத்தைச் செலவழித்து உங்கள் கட்டுரையைப் படிக்கிறார்கள். ஒரே துறையில் இருப்பவர்கள் சிலரே என்பதால், இரண்டு இதழ்களிடமிருந்தும் ஒரே மதிப்பாய்வாளருக்கு உங்கள் கட்டுரை போய்ச் சேர்வது நடக்கக்கூடியதே. மாணவர்கள் நடத்தும் இதழ்களிலும் சில இந்த ஒற்றை விதியைக் கடைப்பிடிக்கின்றன. அதனால் விதிமுறைப் பக்கத்தைப் படிக்காமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

தேர்ந்தெடுக்க நான் பின்பற்றும் வழி எளிது. என் அடிக்குறிப்புகளைப் பார்ப்பேன். எந்த இதழ் திரும்பத் திரும்ப வருகிறதோ அதன் கடைசி இரண்டு ஆண்டு இதழ்களின் உள்ளடக்கத்தைப் படிப்பேன். என் கேள்விக்குப் பக்கத்தில் இருக்கும் கேள்விகளை அவர்கள் பேசுகிறார்களா? பேசுகிறார்கள் என்றால் அதுதான் வீடு. புகழை மட்டும் பார்த்து அனுப்பி எட்டு மாதம் காத்திருப்பதைவிட இது நல்லது.

போலி இதழ்களைப் பற்றி ஒரு சொல். "மதிப்பிற்குரிய அறிஞரே, உங்கள் கட்டுரையை ஐந்து நாளில் வெளியிடுகிறோம்" என்று மின்னஞ்சல் வந்தால் விலகிப் போங்கள். உண்மையான மதிப்பாய்வு ஐந்து நாளில் நடக்காது. கட்டணம் வாங்குவதாலேயே ஓர் இதழ் போலி ஆகிவிடாது, திறந்த அணுக்கத்துக்காகக் கட்டணம் வாங்கும் நேர்மையான இதழ்கள் உண்டு. பார்க்க வேண்டியது இவை: ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழைக் குறிப்பிடுகிறார்களா, பழைய இதழ்கள் முழுதாகக் கிடைக்கின்றனவா, கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதியிருக்கிறதா, டிஓஏஜே பட்டியலில் அல்லது பதிப்பு ஒழுக்கக் குழுவான கோப் அமைப்பில் இடம் பெற்றிருக்கிறதா. போலி இதழில் ஒருமுறை வெளியான கட்டுரையை நல்ல இதழில் மறுபடி வெளியிட முடியாது. அந்த உழைப்பு அப்படியே போய்விடும்.

6. அடிக்குறிப்புகள்

இதழைத் தேர்ந்தெடுத்ததும் அதன் மேற்கோள் முறையை எடுங்கள். அமெரிக்க இதழ்கள் பெரும்பாலும் புளூபுக் முறையைக் கேட்கும். 1926-ல் வந்தது, ஹார்வர்டு, யேல், கொலம்பியா, பென்சில்வேனியா சட்ட இதழ்கள் சேர்ந்து நடத்துகின்றன. பிரிட்டிஷ் இதழ்கள் பலவும் ஆக்ஸ்போர்டில் உருவான ஆஸ்கோலா முறையைக் கேட்கும். கனடாவில் மெக்கில் வழிகாட்டி, ஆஸ்திரேலியாவில் ஏஜிஎல்சி. சில இதழ்களுக்குச் சொந்த முறை உண்டு.

வேறுபாடுகள் சின்னவை போலத் தோன்றும். வழக்கின் பெயரில் இரு தரப்புக்கும் நடுவே வரும் 'வி' எழுத்துக்குப் பின் புளூபுக் முற்றுப்புள்ளி வைக்கும், ஆஸ்கோலா வைக்காது. ஆஸ்கோலாவில் டொனஹ்யூ வி ஸ்டீவன்சன் வழக்கை [1932] ஏசி 562 என்று எழுதுகிறோம் (ஏசி என்பது அப்பீல் கேசஸ் என்ற தீர்ப்புத் தொகுதி, 562 பக்க எண்). அந்தச் சதுர அடைப்புக்கு அர்த்தம் இருக்கிறது: ஆண்டு தெரிந்தால்தான் அந்தத் தொகுதியைக் கண்டுபிடிக்க முடியும். தொகுதிக்குத் தனி வரிசை எண் இருந்தால் ஆண்டு வட்ட அடைப்புக்குள் போகும். இப்படி விதிக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடம் தேவையில்லை. எல்லா விதிகளும் ஒரே நோக்கத்துக்கானவை: படிப்பவர் அந்த மூலத்தின் அந்த இடத்துக்கு நேராகப் போய்ச் சேர வேண்டும்.

ஆகவே இடத்தைத் துல்லியமாகக் காட்டுங்கள். 300 பத்தித் தீர்ப்பை எண் குறிக்காமல் காட்டுவது, சரிபார்ப்பவரை 300 பத்தியும் படிக்கச் சொல்வதற்குச் சமம். பத்தி எண் இருந்தால் பத்தி எண், இல்லையென்றால் பக்க எண்.

வேலை செய்யும் முறையைப் பற்றிச் சில பழக்கங்கள், எனக்குப் பெரிதும் உதவியவை:

- வரைவு நிலையில் "மேற்படி", "முன்னர்க் குறிப்பிட்டது" போன்ற சுருக்கங்களைப் போடாதீர்கள். ஒவ்வொரு அடிக்குறிப்பையும் முழுமையாக எழுதுங்கள். ஒரு பத்தியை இடம் மாற்றினால் "மேற்படி" வேறொரு வழக்கைச் சுட்டத் தொடங்கிவிடும். சுருக்குவது கடைசி நாள் வேலை.
- ஒவ்வொரு மூலத்தின் பக்கத்தையும் பிடிஎஃப் ஆகச் சேமித்து, எழுதியவர் பெயர், ஆண்டு போட்டு ஒரே கோப்புறையில் வையுங்கள். இணையப் பக்கம் என்றால் பார்த்த நாளைக் குறியுங்கள். ஆசிரியர் குழு "அடிக்குறிப்பு 47-க்கான மூலத்தை அனுப்ப முடியுமா" என்று கேட்கும் நாள் நிச்சயம் வரும்.
- இன்னொருவர் காட்டிய மேற்கோளை அப்படியே எடுக்காதீர்கள். மூலத்தைத் திறந்து பாருங்கள். மூலம் கிடைக்கவே இல்லையென்றால், எந்த நூல் வழியாகப் பார்த்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.
- வேறொருவர் கருத்தை உங்கள் சொற்களில் எழுதினாலும் அடிக்குறிப்பு வேண்டும். உங்கள் பழைய கட்டுரையிலிருந்து பத்திகளை எடுத்தாலும் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் வழக்குகளைக் கேட்டு வாங்கி எழுதுகிறவர்களுக்கு: 2023-ல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், சாட்ஜிபிடி உருவாக்கிய, உலகில் இல்லவே இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பெயர், ஆண்டு, தொகுதி எண் எல்லாம் பார்க்க உண்மை போலவே இருந்தன. ஆய்விதழில் அடிக்குறிப்பு சரிபார்ப்பவர் இதை முதல் நாளிலேயே பிடித்துவிடுவார், அதன் பிறகு உங்கள் மற்ற அடிக்குறிப்புகள் எதையும் நம்ப மாட்டார். இத்தகைய கருவியைக் கட்டுரையாளராகச் சேர்க்க முடியாது என்று கோப் அமைப்பு அதே 2023-ல் தெளிவாகச் சொன்னது. மொழி திருத்தப் பயன்படுத்தியிருந்தால் இதழின் விதி என்ன என்று பார்த்து, கேட்கும் இடத்தில் சொல்லிவிடுங்கள்.

7. சுருக்கம், பெயர் நீக்கம், உறைக்கடிதம்

ஆய்வுச்சுருக்கம் 150 முதல் 250 சொற்கள். அதில் முடிவைச் சொல்லிவிடுங்கள். "இக்கட்டுரை ஆராய்கிறது, அலசுகிறது" என்று மட்டும் எழுதி, என்ன கண்டீர்கள் என்பதை மறைத்து வைப்பது துப்பறியும் கதைக்குச் சரி. ஆசிரியர் முதலில் படிப்பது இதைத்தான். பல கட்டுரைகளுக்குக் கடைசியாகப் படிப்பதும் இதுவே.

இருபுறமும் பெயர் தெரியாத மதிப்பாய்வு என்றால் உங்கள் அடையாளத்தை நீக்க வேண்டும். முதல் பக்கத்தில் பெயரை எடுத்தால் போதாது. கோப்பின் பண்புகளில் பெயர் இருக்கும். திருத்தக் குறிப்புகளில் இருக்கும். கோப்பின் பெயரிலேயே இருக்கும். நன்றியுரையில் "என் நெறியாளருக்கு" என்ற வரியில் ஒளிந்திருக்கும். "நான் முன்பு வாதிட்டது போல" என்று எழுதி உங்கள் கட்டுரையையே அடிக்குறிப்பில் காட்டியிருந்தால், அதைப் படர்க்கைக்கு மாற்றுங்கள். நன்றியுரையைத் தனியாக எடுத்து வைத்து, ஏற்கப்பட்ட பிறகு சேருங்கள்.

உறைக்கடிதம் அரைப் பக்கம் போதும்: தலைப்பு, சொல் எண்ணிக்கை அடிக்குறிப்புகளைச் சேர்த்தா சேர்க்காமலா, மையவாதம் இரண்டு வரியில், வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்ற உறுதி. நீங்கள் பேசும் வழக்கில் ஏதேனும் ஒரு தரப்புக்கு வேலை செய்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சொன்னால் யாரும் குறையாக நினைப்பதில்லை. பின்னால் தெரியவந்தால் உங்கள் வாதம் முழுவதையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள்.

8. காத்திருப்பதும் பதிலும்

மதிப்பாய்வுக்கு மூன்று மாதம் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். இதழ் சொன்ன கெடு தாண்டிய பிறகு ஒரு வரியில் மரியாதையாக விசாரிக்கலாம். அதற்கு முன் வேண்டாம். வேறிடத்துக்கு அனுப்ப விரும்பினால், முதலில் திரும்பப் பெறுவதாக எழுதி, அவர்கள் ஒப்புக்கொண்ட பதில் வந்த பிறகே அனுப்புங்கள்.

பதில்களில் மிக நல்லது என்று நான் நினைப்பது "திருத்தி மீண்டும் அனுப்புங்கள்" என்பதுதான். புதியவர்கள் பலர் இதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி இரண்டு பக்கக் கறாரான விமர்சனத்தைப் படித்துவிட்டு நான்கு மாதம் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. பிறகு உட்கார்ந்து பார்த்தால், பதினோரு குறைகளில் எட்டு ஒரு வாரத்தில் சரிசெய்யக் கூடியவை. இதழ் உங்கள் கட்டுரையை வேண்டாம் என்று நினைத்திருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருக்க மாட்டார்கள்.

விமர்சனம் வந்ததும் படித்துவிட்டு இரண்டு நாள் மூடி வையுங்கள். பிறகு ஒரு அட்டவணை போடுங்கள். முதல் நிரலில் மதிப்பாய்வாளர் சொன்னது, அவருடைய சொற்களிலேயே. அடுத்ததில் நீங்கள் செய்தது. மூன்றாவதில் எந்தப் பக்கம். எல்லாவற்றையும் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஏற்காத இடத்தில் ஏன் என்று காரணமும் ஆதாரமும் காட்டுங்கள். மதிப்பாய்வாளர் உங்களைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று தோன்றினால், உங்கள் வாக்கியத்தைத் திருத்துங்கள், ஏனென்றால் இன்னொரு வாசகரும் அங்கேயே தடுக்கி விழுவார். இரண்டு மதிப்பாய்வாளர்கள் எதிரெதிராகச் சொன்னால், அந்த முரணை வெளிப்படையாகக் குறிப்பிட்டு, எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று ஆசிரியருக்கு எழுதுங்கள். முடிவு எடுப்பவர் அவர்.

ஆசிரியர் மேசையிலிருந்தே, மதிப்பாய்வுக்குப் போகாமல் திரும்பி வந்தால், பெரும்பாலும் பொருத்தமின்மைதான் காரணம். அடுத்த இதழுக்கு அனுப்பலாம். ஆனால் மேற்கோள் முறையையும் சொல் எண்ணிக்கையையும் மாற்றிய பிறகு. பழைய இதழின் பெயர் உறைக்கடிதத்தில் அப்படியே இருக்க வந்து சேர்ந்த கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன்.

9. ஏற்கப்பட்ட பிறகு

ஒப்பந்தம் வரும். கையெழுத்திடும் முன் மூன்று விஷயம் பாருங்கள்: பதிப்புரிமை உங்களிடம் இருக்கிறதா, இதழுக்குப் போகிறதா; ஏற்கப்பட்ட பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்திலோ எஸ்எஸ்ஆர்என் தளத்திலோ போட அனுமதி உண்டா, எத்தனை மாதம் கழித்து; பின்னாளில் நூலாக விரிக்க உரிமை இருக்கிறதா. இவை சட்டம் படித்தவர்கள் கூட அவசரத்தில் படிக்காமல் விடும் பக்கங்கள்.

பிறகு சரிபார்ப்புக் கேள்விகள் வரத் தொடங்கும். "பத்தி 62 என்கிறீர்கள், எங்களுக்குப் பத்தி 64-ல் கிடைக்கிறது" என்பது போல. கோபப்படாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள். அந்தக் கோப்புறை உங்களைக் காப்பாற்றும் நேரம் இது.

கடைசியாக, அச்சுக்கு முன் பிழை பார்க்கும் அச்சுப்படி வரும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் அவகாசத்தோடு. இந்த நிலையில் வாதத்தை மாற்ற முடியாது, பிழைகளைத்தான் திருத்தலாம். உங்கள் பெயர், நிறுவனம், ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் எண், தலைப்பு, வழக்குகளின் பெயர்கள், எண்கள், ஒவ்வொரு மேற்கோளின் தொடக்கமும் முடிவும். அதோடு நீங்கள் நம்பி நிற்கும் முக்கியத் தீர்ப்புகள் ஒவ்வொன்றையும் அன்றைக்கு மறுபடி தேடுங்கள். அனுப்பிய நாளுக்கும் அச்சுக்கும் இடையே ஓராண்டு ஓடியிருக்கலாம், மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியிருக்கலாம், சட்டம் திருத்தப்பட்டிருக்கலாம். அப்படி மாறியிருந்தால் உடனே ஆசிரியருக்கு எழுதி, சட்ட நிலை எந்தத் தேதி வரையிலானது என்று சொல்லும் குறிப்பு ஒன்றை முதல் அடிக்குறிப்பில் சேர்க்கக் கேளுங்கள்.